கொட்டாவி விடும் தையல்காரர்

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் பொக்கிஷம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது மின்கட்டண ரசீதில் அடக்க ஒடுக்கமாக இருந்துகொண்டது. துணி கொண்டு வருகிறவர்கள்கூட "பொக்கிஷம் அக்கா இருக்காங்களா?" என்றுதான் கதவைத் தட்டுவார்கள். "இருக்கேன், உள்ள வாங்க" என்பாள் அவளும். கோபப்பட என்ன இருக்கிறது, பெயர் நன்றாகத்தானே இருக்கிறது.

அவள் புதுத்துணி தைப்பதில்லை. ஏற்கெனவே தைத்ததைச் சரிசெய்வதுதான் தொழில். பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்து விடுவது, அறுந்த ஜிப்பை மாற்றுவது, கோட்டுக்கு உள்துணி போடுவது. வீட்டின் முன்னறையில் ஜன்னலோரம் மெஷின், அதற்குப் பக்கத்தில் இஸ்திரி மேஜை, மூக்கில் கண்ணாடி, கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு நாடா. தெருவில் யாருக்கு எப்போது தொப்பை விழுந்தது, யாருக்கு எப்போது கரைந்தது என்பதெல்லாம் டாக்டருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். ஆள் வாசலில் வந்து நின்றதுமே இடது தோள் அரை அங்குலம் இறக்கம் என்று சொல்லிவிடுவாள். நாடா வைத்துப் பார்த்தால் அரை அங்குலம் இருக்கும்.

துணி விஷயத்தில் அவள் கண் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. துணியைத் தாண்டினால் ஒரு தடவைகூடச் சரியானதில்லை. அவளுடைய துரதிர்ஷ்டம் அது.

ஒருமுறை வானத்திலிருந்து விழுந்த கல் என்று கரிக்கட்டி மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு தெரு தள்ளியிருந்த இரும்புப் பட்டறையில் அடுப்பைச் சுத்தம் பண்ணும்போது தினமும் பத்துக் கல் அப்படி விழும் என்பது பிறகு தெரிந்தது. இன்னொரு முறை ஆயிரம் வருடத்து விளக்கு. எதிர்க்கடை மெக்கானிக் அதை ஒரு பார்வை பார்த்தார், "அக்கா, நான் இதத்தானே ரெண்டு நாளா தேடறேன்!" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய் ஒரு மோட்டார் பைக்கில் மாட்டினார். பைக் ஓடியது. இப்படிச் சேர்ந்தவை முன்னறை அலமாரியை நிறைத்து, அலமாரிக்குக் கீழேயும் வழிந்து கிடந்தன.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பேச்சு குறைவு. ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில் மனைவியின் கண்டுபிடிப்புகளைச் சொல்ல ஆரம்பித்தாரானால் அன்றைக்கு அவரை நிறுத்த முடியாது. பட்டறைக் கல் கதையைச் சொல்லிச் சொல்லி மெருகேற்றி வைத்திருந்தார். கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தால் மனசு சுருக்கென்று குத்தும். இருபத்துநாலு வருடத்தில் அந்த மனிதர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் சொன்னது சரி என்று சொன்னதில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார். கேட்டு வாங்கினால் அதற்கு என்ன மதிப்பு?

இந்த நிலையில்தான் பெட்டி வந்தது.

வீடு காலி பண்ணிக்கொண்டு போன ஒரு வாடிக்கைக்காரம்மா, "வெட்டுத்துணி போட்டு வெச்சுக்கங்கக்கா" என்று ஒரு பழைய மரப்பெட்டியைத் தள்ளிவிட்டுப் போனார். பெட்டிக்குள் ஒட்டியிருந்த உள்துணி கிழிந்து தொங்கியது. கிழிந்த உள்துணியைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியாது. கத்தரியை எடுத்துப் பிரித்தாள். அடியில் துணிக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் இருந்தது. கசங்கி, நாலாக மடிந்து, ஓரம் பழுத்துப்போயிருந்தது.

விரித்தாள். செங்காவிச் சுண்ணக்கட்டியால் வரைந்த படம். மேஜை மேல் சம்மணம் போட்டு ஒரு தையல்காரர் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு கோட்டு. கையில் பெரிய கத்தரி. பின்னால் இரண்டு ஆண்கள் கோட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தையல்காரரோ வேலையை நடுவில் விட்டுவிட்டு, வாயை அகலத் திறந்து, கண்ணை இடுக்கி, காது வரைக்கும் இழுபடக் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறார்.

பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கும் கொட்டாவி வந்துவிட்டது. பெரிய கொட்டாவி. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். மறுபடியும் வந்தது. நடுப்பகல், நன்றாகத் தூங்கி எழுந்த உடம்பு. அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டாள்: இது சாதாரண ஆள் போட்ட படமில்லை.

அடுத்து அவள் செய்த காரியத்தைக் கேட்டால் படித்தவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். ஆனால் கசங்கின ஒன்று கைக்கு வந்தால் ஒரு தையல்காரி வேறென்ன செய்வாள்? இஸ்திரி போட்டாள். நேராகச் சூட்டை வைக்கவில்லை, அந்த அளவுக்கு விவரம் தெரிந்தவள். வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து மேலே விரித்து, மிதமான சூட்டில் அழுத்தி அழுத்தி எடுத்தாள். தாள் விறைப்பாக நிமிர்ந்தது. துணியில் லேசாகச் சிவப்பு ஒட்டியிருந்தது. தினம் ஒட்டுகிற கோடு போடும் சாக்கட்டி என்று நினைத்து அதை மடித்து வைத்துவிட்டாள்.

சாயங்காலம் கணவர் வந்தார். படத்தைப் பார்த்தார்.

"என்ன இது?"

"படம்."

"அது தெரியுது."

"ரொம்பப் பழசுங்க. பெரிய கை போட்டது."

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன். நீங்க கொஞ்ச நேரம் பாருங்க, கொட்டாவி வருதா இல்லையா?"

அவர் பார்த்தார். தாடை இறுகியது. மூக்கு விடைத்தது. கண் கலங்கியது. "வரலையே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து நீளமாக ஒரு சத்தம் கேட்டது.

வெளியே வந்ததும் கறாராகப் பேசினார். "இங்க பாரு. தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது காட்டு. அவங்க சொல்லட்டும். இதுவும் புஸ்ஸுன்னா அலமாரிய காலி பண்ணிடணும். இனிமே ஒரு துருப்பிடிச்ச ஆணிகூட வீட்டுக்குள்ள வரக்கூடாது. சரியா?"

"சரி" என்றாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அலமாரிக்காக இல்லை. அலமாரி காலியானால் அதோடு சேர்ந்து அவள் கண்ணும் பொய் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு எதைப் பார்த்தும் எதுவும் சொல்லும் தைரியம் அவளுக்கு வராது.

முதலில் அண்ணனிடம் போனாள். அச்சகம் வைத்திருப்பவர், தாளைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை என்று அவரே சொல்லுவார். விரலால் தடவினார், முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்தார். "தாள் பழசுதான். படம்..." என்று ஆரம்பித்தவர் கொட்டாவி விட்டார். "படம்..." மறுபடி விட்டார். "நீ போயிட்டு அப்புறம் வா, எனக்குத் தூக்கம் வருது." அடுத்து பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார். "வலது கால் மடிச்சிருக்கிறது சரியில்ல, மேஜைக்குக் கோணம் தப்பு, பத்துக்கு நாலு மார்க் போடலாம்" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று கொட்டாவி. கொட்டாவிக்கு மார்க் உண்டா என்று கேட்டாள். அவர் முறைத்தார்.

அருங்காட்சியகத்தில் புதன்கிழமை காலைகளில் பொதுமக்கள் கொண்டுவரும் பழைய பொருள்களை நிபுணர்கள் இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள் என்று வாத்தியாரே கடைசியில் சொன்னார். தன் தலைவலி வேறு யாருக்காவது போகட்டும் என்ற நல்லெண்ணம்.

புதன்கிழமை கணவர் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். துணைக்கு என்றார். தீர்ப்பை நேரில் கேட்டு அடுத்த கதைக்கு மெருகு சேர்க்கத்தான் வருகிறார் என்று அவளுக்குத் தெரியாதா? படத்தை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, சுத்தமான துணி வேறு கைக்குக் கிடைக்காமல் அந்த இஸ்திரித் துணியிலேயே சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள்.

வரிசையில் அவளுக்கு முன்னால் கடிகாரம் ஒன்றைக் குழந்தை மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு ஒருவர் நின்றார். கடிகாரம் அவ்வப்போது மணி அடித்தது. அவர் அதைத் தட்டிக்கொடுத்தார். ஆகா, நம்ம ஆட்கள் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். இத்தனை பேர் வீட்டிலும் ஒரு அலமாரி இருக்கிறது!

ஓவிய நிபுணர் ஒடிசலான, உயரமான மனிதர். கோட்டின் கை ஒரு அங்குலம் நீளம். பார்த்ததும் அவளுக்குக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டாள். அவர் கையுறை மாட்டிக்கொண்டு, துணியை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியோடு படத்தின் மேல் குனிந்தார்.

"அம்மா, இதுல மடிப்பே இல்லையே. எப்படி இவ்வளவு தட்டையா இருக்கு?"

"இஸ்திரி போட்டேன் சார்."

பூதக்கண்ணாடி மேஜையில் விழுந்தது. நிபுணர் முகத்தில் ஈயாடவில்லை. "இஸ்திரி?"

"ஈரத்துணி போட்டுத்தான் சார். மிதமான சூடு."

"ஈரத்துணி!" என்று அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கணவர் கூரையைப் பார்த்தார். அலமாரியை எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போடலாம் என்று யோசிப்பது போலிருந்தது.

நிபுணர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி குனிந்தார். நாலு நிமிஷம் பார்த்தார். அப்புறம், பாவம், அவரும் கொட்டாவி விட்டார். கையுறையால் வாயை மூடிக்கொண்டு, "மன்னிக்கணும்" என்றார். அவள் கணவரை ஜாடையாகப் பார்த்தாள். கணவர் தாடையை இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"படம் பழசு. முந்நூறு வருஷத்துக்கு மேல இருக்கும்" என்றார் நிபுணர். அவளுக்கு ஜிவ்வென்று ஏறியது. "இந்தப் பாணியில வரைஞ்ச பெரிய ஓவியர் ஒருத்தர் இருந்தார். ஆனா இது அவர் கை இல்ல. நிழல் கோடுகளப் பாருங்க. வலது கைக்காரர் இழுத்தா ஒவ்வொரு கோடும் மேல்முனையில வலது பக்கம் சாயும். இதுல எல்லாமே இடது பக்கம் சாயுது. அவர் வலது கைக்காரர். அதனால இது இடது கைப் பழக்கம் உள்ள மாணவன் யாரோ பாத்துப் போட்டது. நல்ல முயற்சிதான்."

ஜிவ்வென்று ஏறினது தொப்பென்று இறங்கியது. கணவர் அவள் காலை லேசாக மிதித்தார். கிளம்பலாம் என்று அர்த்தம். அவளும் எழுந்துவிட்டாள். எழுந்து கடைசியாகப் படத்தை ஒரு பார்வை பார்த்தவள் அப்படியே நின்றாள். இத்தனை நாளும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டாவி அவளைக் கையைப் பார்க்க விடவே இல்லை.

"சார், இந்தக் கத்தரி இருக்கவே முடியாது."

"என்னம்மா?"

"நம்ம கத்தரிய எப்படிப் புரட்டினாலும் வலது பக்கத்து அலகுதான் மேல வரும். இதுல இடது பக்கம் மேல வந்திருக்கு." அவள் கைப்பையிலிருந்து கத்தரியை எடுத்து நீட்டினாள். நிபுணர் அலறிப்போய்ப் படத்தை இரண்டு கையாலும் மறைத்தார். அவள் கத்தரியை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் புரட்டிக் காட்டினாள்.

"தையல்காரர் இடது கைக்காரரா இருக்கலாமே. கத்தரியத் தனியா செஞ்சு வாங்கியிருக்கலாம்" என்றார் அவர், படத்தை விட்டுக் கையை எடுக்காமல்.

"சரி, அவர் இடது கை. மடியில இருக்கற கோட்டு? பின்னால நிக்கிற ரெண்டு பேர் கோட்டு? ஆம்பளைக் கோட்டுக்குப் பொத்தான் வலது பக்கம் இருக்கும் சார், உங்க கோட்டப் பாருங்க. இதுல எல்லாருக்கும் இடது பக்கம் இருக்கு. ஊர்ல இருக்கற ஆம்பளைங்க அத்தனை பேரும் பொண்டாட்டி கோட்ட மாட்டிக்கிட்டு வந்துட்டாங்களா?"

நிபுணர் தன் கோட்டைப் பார்த்தார். கணவர் தன் சட்டையைப் பார்த்தார். பிறகு இருவரும் படத்தைப் பார்த்தார்கள்.

எல்லாமே இடம் வலம் புரண்டிருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. தலைக்குள் ஏதோ கிறுகிறுவென்று சுற்றியது. ஓரமாகக் கிடந்த இஸ்திரித் துணியை எடுத்து உதறி மேஜையில் விரித்தாள். சாக்கட்டிக் கறை என்று நினைத்த சிவப்பு அங்கே இருந்தது. மங்கலாக, ஆனால் அடையாளம் தெரிகிற மாதிரி. சம்மணம் போட்ட ஒரு மனிதர், திறந்த வாய், கையில் கத்தரி. வலது கையில் கத்தரி. கோட்டுகளுக்கெல்லாம் வலது பக்கம் பொத்தான். கோடுகள் எல்லாம் வலது பக்கம் சாய்ந்திருந்தன.

"நான் பண்ணினதையே அந்தக் காலத்துல யாரோ பண்ணியிருக்காங்க சார்!" என்று கத்தினாள். அருங்காட்சியகத்தில் கத்தக்கூடாது என்பது மறந்தே போயிற்று. "ஒரு நிஜப் படத்து மேல ஈரத் தாள வெச்சு அழுத்தி எடுத்திருக்காங்க. அதான் எல்லாமே புரண்டு போச்சு. நான் அத மறுபடி புரட்டிட்டேன்!"

நிபுணர் துணியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். "ஒற்றுப்படம்" என்று முனகினார். "ஐயோ, ஒற்றுப்படம்! நான் ஒரு மடையன்! ஓவியர்களே இப்படி எடுப்பாங்க, படத்தத் திருப்பிப் பாக்கறதுக்கு. மங்கின ஓரக்கோட்ட மட்டும் அவங்க கையாலயே மறுபடி இழுத்துடுவாங்க." சட்டென்று நிமிர்ந்தார். "இந்த மனுஷன நான் பாத்திருக்கேன். இந்தப் பக்கமா திரும்பின இந்த மனுஷன எனக்குத் தெரியும்!"

நீண்ட கால்களை எடுத்து வைத்து அலமாரிக்கு ஓடினார். தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தை இழுத்து வந்து தபதபவென்று புரட்டினார். ஒரு பக்கத்தில் கறுப்பு வெள்ளையில் அதே தையல்காரர், வலது கையில் கத்தரியோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். கோட்டின் முழங்கை மடிப்பில் நாலு சுருக்கம். துணியிலும் நாலு சுருக்கம்.

கணவர் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "அப்ப இது ஒரிஜினல் இல்லீங்களா?"

"இல்ல" என்றார் நிபுணர்.

நியாயமான கேள்விதான். புஸ்ஸென்றால் காலி என்றுதானே பேச்சு. அலமாரியைக் காலி பண்ண வேண்டியதுதான் என்று அவள் மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். தேறவில்லை.

"ஒரிஜினல் எங்கயுமே இல்ல" என்று நிபுணர் தொடர்ந்தார். "எழுபது வருஷத்துக்கு முன்னால தொலைஞ்சு போச்சு. இந்த போட்டோதான் மிச்சம்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்கோம். அந்தத் தாளத் தொட்ட ஒரே தாள் இதுதாம்மா. அவரே ஒத்தி, அவரே கோடு இழுத்தது."

அப்புறம் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. நிபுணர் கதவைத் திறந்து யார் யாரையோ கூப்பிட்டார். காகிதப் பழுது பார்க்கும் அம்மாள் வந்தார், போட்டோ எடுப்பவர் வந்தார், வரிசையில் நின்ற கடிகாரக்காரரும் கடிகாரத்தோடு உள்ளே வந்துவிட்டார். எல்லாரும் மேஜையைச் சுற்றி நின்று மாறி மாறிக் கொட்டாவி விட்டார்கள். ஒருவர் விட்டு முடிப்பதற்குள் அடுத்தவர் ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வழிய எல்லாரும் சிரித்தார்கள். "இஸ்திரி! ஈரத்துணி!" என்று நிபுணர் காகிதக்காரம்மாவிடம் சொல்ல, அந்த அம்மாளுக்கு மயக்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "இனிமே யாரும் இத முயற்சி பண்ணாதீங்க" என்று அந்த அம்மாள் கடிகாரக்காரரை எச்சரித்தார். கடிகாரம் மணி அடித்தது. பொக்கிஷத்துக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்தன்றுகூட அவள் இப்படிச் சிரித்ததில்லை. நனைந்த கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே கணவரைத் தேடினாள். அவர் சுவரோரம் நின்று, கட்டிய கையோடு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. அவளுக்குத் திக்கென்றது.

கூட்டம் அடங்கியதும் நிபுணர் ஒரு இழுப்பறையைத் திறந்து நாடா கட்டிய அட்டைக் கோப்பு ஒன்றை எடுத்து வந்தார். கொஞ்சம் கூச்சத்தோடு அவள் முன் வைத்தார்.

"அம்மா, இன்னொரு படம். ஒரு பெண், மேலே சால்வை. இந்த மடிப்பு எப்படி விழுதுன்னு முப்பது வருஷமா எங்களுக்குள்ள சண்டை. துணி போர்த்தினதா, தைச்சதான்னு தெரியல. நீங்க சும்மா ஒரு பார்வை..."

"நானா சார்? எனக்கு என்ன தெரியும்" என்றாள் அவள். கண்ணெல்லாம் தண்ணீராக இருந்ததில் எதிரில் இருப்பதே தெரியவில்லை. நிபுணர் கோப்பின் நாடாவை அவிழ்க்கப் போனார். சுவரோரம் நின்றவர் அப்போதுதான் மேஜைக்கு வந்தார். அவள் கைப்பையைத் திறந்து, கண்ணாடியை எடுத்து, தன் சட்டை நுனியால் துடைத்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க சார். அவ கண்ணாடியப் போட்டுக்கட்டும். அவ பாத்துச் சொன்னா சரியா இருக்கும்."

அவள் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டாள். துடைத்து என்ன பயன், உடனே மறுபடி மங்கிவிட்டது.